துரையின் பத்தியம்

முன்னறை அக்காவுக்குத் தெரியாமல் ஓர் உளுந்து வடையைத் தின்று செரிப்பது எங்கள் வீட்டில் யாராலும் ஆகாத காரியம். தின்பதையாவது எப்படியோ முடித்துவிடலாம். செரிப்பதுதான் முடியாது. வடை தொண்டையைத் தாண்டும்போதே மரப்படியில் அவர் காலடி கேட்கும். அதற்கப்புறம் எந்த வயிற்றுக்கு வேலை ஓடும்?

வீடு என்று நான் சொல்வது சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. கீழே பாயின் மளிகைக் கடை. மேலே பலகை அடித்துப் பிரித்த அறைகள். தெருவைப் பார்த்த அறையில் அக்கா, நடுவில் லாரி ஓட்டும் அண்ணன், பின்னால் நான். எல்லாருக்கும் பொதுவாக ஓர் அடுப்படி, அதைத் தாண்டினால் வானம் பார்த்த ஒரு சின்னத் திறந்த தளம். அறுபதுகளின் தொடக்கம் அது. நான் சாங்கியில் வெள்ளைக்காரர்களின் விமானப்படை முகாமில் ஸ்டோர் கிராணி, அதாவது சாமான் அறைக் கணக்குப்பிள்ளை. ஸ்பேனர்களுக்கும் திருகாணிகளுக்கும் காவல். கல்யாணம் ஆகவில்லை. பெண்வீட்டார் என்னைப் பார்க்க வந்த நேரத்திலெல்லாம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று அண்ணன் சொல்வார். அவர்கள் வந்ததே சாப்பாட்டு நேரத்தில்தான் என்று நான் சொல்வேன்.

அக்காவுக்கு நாற்பதை ஒட்டிய வயது. இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கு இட்லி மாவு ஆட்டிக் கொடுத்துப் பிழைத்தார். ஆனால் அந்தச் சுற்றுவட்டாரம் அவரை அறிந்தது மாவுக்காக அல்ல, பத்தியத்துக்காக. பிள்ளை பெற்றவளா, மஞ்சள் காமாலையா, அம்மை போட்டுத் தண்ணீர் ஊற்றிய குழந்தையா, அக்காவைக் கூப்பிடு. அவர் வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த வீட்டில் புளிக்கும் மிளகாய்க்கும் வேலை போய்விடும். பூண்டும் சுட்ட அப்பளமும் ஆட்சிக்கு வரும். பிள்ளை பெற்றவளின் புருஷன் கறி வாங்கி வந்தால் அவனே தனியாக வாசல் நடைபாதையில், அஞ்சடியில் நின்று தின்றுவிட்டு வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

நானும் அனுபவித்திருக்கிறேன். ஒருமுறை முகாம் வாசலில் வண்டிக்காரனிடம் எதையோ வாங்கித் தின்று வயிறு என்னை விட்டுப் போகப் பார்த்தது. அக்கா என் அறை வாசலில் பலகை போட்டு உட்கார்ந்துவிட்டார். கஞ்சி. மறுபடியும் கஞ்சி. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள அவருடைய முறைப்பு.

"அக்கா, ஒரு துண்டு ஊறுகாய். நக்கிட்டுத் திருப்பிக் குடுத்திடுறேன்."

"உங்க நாக்குக்கிட்ட நான் பேசலை தம்பி. உங்க வயித்துக்கிட்டப் பேசிட்டு இருக்கேன். நடுவுல பேசாதீங்க."

அண்ணனைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பொட்டலம் ஆட்டுக்கறி வரவழைத்தேன். ஜன்னல் வழியாகக் கயிறு விட்டு இழுத்து, போர்வைக்குள் வைத்துத் தின்று, இலையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்குவதுபோல் கிடந்தேன். அக்கா உள்ளே வந்தார். என் வலது கையைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, குழந்தையின் கையை வைப்பதுபோல் மெதுவாகக் கீழே வைத்தார். மறுநாளும் கஞ்சி என்று தீர்ப்பாயிற்று. கீழே பாய்க்கும் வயிற்றுப் புண் உண்டு. மிளகாய் மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு மிளகாய் இல்லாத சோறு தின்ற ஒரே வியாபாரி சிங்கப்பூரிலேயே அவராகத்தான் இருப்பார். "ஓதக் கத்துக்குடுத்த ஆலிம்சாவுக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை தம்பி" என்பார்.

அவர் லஞ்சம் வாங்கமாட்டார். கண்ணீருக்கு இளகமாட்டார். அதனால்தான் எல்லாரும் அவரை நம்பினார்கள். நானும் நம்பினேன். நம்பினேன் என்பதை அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன்.

மாதத்தில் ஒரே ஒரு நாள் அக்கா வேறு ஆளாக இருப்பார். அமாவாசை. அவர் அறையில் கணவரின் படம் ஒன்று மாட்டியிருந்தது. பெரிய மீசை, அகன்ற தோள். ஆனால் படத்தில்கூடப் பசியோடு இருப்பவர்போல் ஒரு பார்வை. நான் குடிவருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். அமாவாசையன்று அவருக்குப் படையல். சாம்பார், வடை, அப்பளம், பாயசம் என்று அந்தப் பத்திய ராஜ்ஜியத்தில் எண்ணெய்ச் சட்டி ஏறும். படைத்த பிறகு திறந்த தளத்துக்கு இலையைக் கொண்டுபோய்க் கைப்பிடிச் சுவர்மேல் வைத்து "கா... கா..." என்று கூப்பிடுவார். காக்கை வந்து வாய் வைத்தால்தான் செத்தவர் சாப்பிட்டதாக ஐதீகம். பிறகுதான் அவர் சாப்பிடலாம்.

சிக்கல் என்னவென்றால் எங்கள் பக்கம் அப்போது காக்கை அருமை. மைனா வரும். குருவி வரும். எதிர்வீட்டுச் சீனத்தியின் பூனைகூட ஒருமுறை வந்தது. அக்கா எல்லாவற்றையும் விரட்டிவிட்டு வெயிலில் நின்றுகொண்டிருப்பார். காக்கை வராது. சாயங்காலம் வரை நின்று பார்த்துவிட்டு, இலையைக் குப்பையில் போட்டுவிட்டுப் பட்டினியாகப் படுத்துக்கொள்வார்.

"சிங்கப்பூர் காக்காய்க்குத் தமிழ் தெரியாதுலா அக்கா. மலாயில கூப்பிட்டுப் பாருங்க" என்றார் அண்ணன்.

நான் அதோடு நிற்காமல், ஒருமுறை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "கா" என்று கத்தினேன். காக்கைக்கே சந்தேகம் வராத குரல் எனக்கு. அக்கா முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, "வந்துட்டீங்களா" என்றார். நான் சிரித்தபடி எழுந்தேன். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, நீங்க எதுல வேணாலும் விளையாடுங்க. இதுல வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் நான் முயல்குட்டியைக் கொண்டுவந்தேன்.

முகாமில் ஓர் அதிகாரியின் குடும்பம் கப்பலேறிச் சீமைக்குத் திரும்பியது. அவர்கள் வளர்த்த முயல் போட்ட குட்டிகளை அந்த அம்மாள் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, ஒன்றை என் கையிலும் வைத்துவிட்டார். அப்போதுதான் பால் மறந்த குட்டி. சாம்பல் நிறம். மூக்கு மட்டும் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. வைத்தவர் சும்மா விடவில்லை, நிற்கவைத்துப் பாடம் எடுத்தார். சாப்பாடு முக்கால்வாசிக்குமேல் புல்தான். காய்ந்த புல் எந்நேரமும் கூண்டில் இருக்கவேண்டும். நல்ல தண்ணீர் வேண்டும். கூடவே கொடுத்தனுப்பிய டின்னிலிருந்த உருண்டைத் தீனியைத் தினமும் கொஞ்சம் போடவேண்டும், சட்டென்று நிறுத்தக்கூடாது. கீரை பழக்கினால் ஒரு நேரத்தில் ஒரே கீரை, அதுவும் கிள்ளல் அளவு. ஒத்துக்கொண்டால்தான் அடுத்தது. காரட் என்றால் நகத்தளவு. சோறு, ரொட்டி, பிஸ்கட், சர்க்கரை எதுவும் கூடவே கூடாது. பிஞ்சுக் குடல், மாவும் இனிப்பும் போனால் உள்ளே பொங்கி வயிறு நின்றுவிடும். புழுக்கை வருவது நின்றால் ஆபத்து. பிறகு முகம் சிவந்து, கையை வாய்க்கும் பின்பக்கத்துக்கும் காட்டி வேறேதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. "யெஸ் மேடம்" என்றேன். என் ஆங்கிலத்தில் பாதி அதுதான்.

பஸ்ஸில் வரும்போது சட்டைக்குள் வைத்திருந்தேன். நெஞ்சில் அதன் மூக்கு இடித்துக்கொண்டே வந்தது. இந்த ஊருக்கு வந்து இத்தனை வருடத்தில் என்னை நம்பி ஒன்று சாய்ந்துகொண்டது அதுதான் முதல் தடவை. அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளைக்காரர் வீட்டிலிருந்து வந்ததால் துரை என்று பெயர் வைத்தேன்.

பகலெல்லாம் நான் சாங்கியில் இருப்பேன். குட்டியை யார் பார்ப்பது? அக்காவிடம் போய் அந்த அம்மாள் சொன்ன பாடத்தை ஒப்பித்தேன். கேட்கக் கேட்க அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. புல், தண்ணீர், அளவு, விலக்கு! அவர் மொழியில் பேசும் ஒரு பிராணியை முதன்முதலாகச் சந்திக்கிறார்.

"அட, இது நம்ம புள்ளத்தாச்சி மாதிரி. நீங்க வேலைக்குப் போங்க தம்பி. இது வாயில எது போகுதுன்னு நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். நான் ஃபேரர் பார்க் திடலில் அறுத்துவரும் புல்லைத் திறந்த தளத்தில் துத்தநாகத் தகட்டின்மேல் பரப்பிவிட்டுப் போவேன். மழை இருட்டினால் ஆட்டுக்கல்லை விட்டு ஓடிவந்து அவர்தான் வாரிக்கொண்டு உள்ளே போவார். நனைந்து பூசணம் பிடித்த புல் வயிற்றைக் கெடுக்கும் என்று அவரே கண்டுபிடித்து, ஒவ்வொரு கொத்தையும் முகர்ந்து பார்த்துப் போட்டார். தேக்கா மார்க்கெட்டிலிருந்து மல்லித்தழை வந்தது. அது ஒத்துக்கொண்டபிறகு கங்கோங் கீரையில் ஓர் இலை. அன்று புழுக்கை கொஞ்சம் இளக்கமாக இருந்ததாம். கங்கோங்குக்கு நிரந்தரத் தடை. நான் வேலை முடிந்து படியேறும்போதே அறிக்கை வந்துவிடும்.

"காலையில நல்லா உருண்டையா இருந்துச்சு தம்பி. மத்தியானமும் பரவாயில்லை. இந்தா பாருங்க, எடுத்து வெச்சிருக்கேன்."

"நான் இன்னும் காப்பி குடிக்கலைக்கா."

"பாத்துட்டுக் குடிங்க."

ஒருநாள் துரை தன் பின்பக்கத்திலிருந்து ஏதோ மென்மையாக எடுத்து நேராக வாய்க்குக் கொண்டுபோய் விழுங்கியது. வீடே அதிர்ந்துவிட்டது. "கிராணி அதைப் பட்டினி போட்டுட்டான். பாவம், என்னத்தத் தின்னுது பாருங்க!" என்று அண்ணன் கத்தினார். அப்போதுதான் அந்த அம்மாள் முகம் சிவந்து கையால் காட்டியது என்னவென்று எனக்கு விளங்கியது. இது அதற்கு இயல்பு, இரண்டாம் பந்தி மாதிரி, இப்படித் தின்றால்தான் சத்து சேரும் என்று விளக்கினேன். அண்ணன் நம்பவில்லை. அக்கா மட்டும் தலையாட்டினார். "வயித்துக்குத் தெரியும்" என்றார்.

அண்ணன் ஒருமுறை பிஸ்கட்டை நீட்டியபோது அக்கா அவர் புறங்கையில் அடித்த சத்தம் கடைவரை கேட்டதாகப் பாய் சொன்னார். என்னையும் விட்டுவைக்கவில்லை. காரட் துண்டு கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டால் கூண்டிலிருந்து எடுத்துக் கடித்துச் சின்னதாக்கிப் போடுவார். துரை காது நீண்டு, தொடை திரண்டு, ரோமம் மின்ன வளர்ந்தது. ஒரு வீட்டில் இரண்டு பேரை ஒழுங்காக வளர்க்க நினைத்தார், ஒன்றுதான் வளர்ந்தது என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு.

துரை வந்தபிறகு வந்த முதல் அமாவாசை ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் நான் புல் அறுக்கத் திடலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து, வாங்கிவந்த பொட்டலச் சோற்றை என் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அடுப்படியில் ஓர் அதிசயம். அக்கா இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, இன்னிக்குக் காக்கா வந்திடுச்சா?" என்றார் அண்ணன்.

"வந்துச்சு" என்றார் அக்கா, இலையைப் பார்த்தபடி.

எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். பாய் கீழேயிருந்து வாழைப்பழச் சீப்பு அனுப்பினார்.

சாயங்காலம் துரை மல்லித்தழையைத் தொடவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. வயிற்றைத் தொட்டால் மத்தளம் மாதிரி இருந்தது. கூண்டுக்குள் புழுக்கை ஒன்றுகூட இல்லை. அக்கா அதை மடியில் போட்டுக்கொண்டு வயிற்றை மெதுவாகத் தடவினார். கரண்டியால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். இறக்கிவிட்டுக் கொஞ்சம் நடக்கவைத்தார். மறுபடி தடவினார்.

கூண்டைக் கழுவத் தூக்கிய அண்ணன்தான் கண்டுபிடித்தார். பலகை இடுக்கில் ஒட்டியிருந்தது ஒரு சோற்றுப் பருக்கை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கத்தானே செய்வார்கள். அந்த வீட்டில் ரகசியமாகத் தின்பவன் யார்? பத்தியத்தை உடைப்பவன் யார்? ஜன்னலில் கயிறு விட்டவன் யார்? அன்று மதியம் அறைக்குள் பொட்டலச் சோறு தின்றவன் யார்?

"என்ன கிராணி, துரை ஐயாவுக்கு விருந்தா?" என்றார் அண்ணன்.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? "இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். என் வாய்க்கு அது பழக்கமில்லை. "நான் என்னைக்காவது தட்டுல பருக்கையை மிச்சம் வெச்சுப் பாத்திருக்கீங்களா? எனக்கே பத்தலை, இதுல துரைக்கு வேற பங்கா?" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். சிரித்ததும் வழக்கு முடிந்துவிட்டது. நான் ஒப்புக்கொண்டேன் என்று ஆகிவிட்டது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஒருத்தராவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் குனிந்து குட்டியின் வயிற்றைத் தடவிக்கொண்டே, ரொம்பப் பிரியமாக, "விடுங்க. தம்பிக்கு மனசு இளகிடுச்சு போல. நல்ல மனசு. ஆனா நல்ல மனசு வயித்துக்கு ஆகாது" என்றார்.

அவர் வாயிலிருந்து வந்தபிறகு நானே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டேன். கை கழுவாமல் தூக்கினேனோ? சட்டையில் ஒட்டியிருந்த பருக்கையோ? என்னைப்போல் ஓர் ஆளிடம் ஓர் உயிரைக் கொடுத்ததே தப்போ?

மறுநாள் காலையில் கூண்டின் மூலையில் சின்னதாக, காய்ந்துபோய், ஒரே ஒரு புழுக்கை கிடந்தது. அக்கா உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அண்ணன் கைதட்டினார். பாய் படியேறி வந்து பார்த்துவிட்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ஒரு புழுக்கைக்கு அவ்வளவு மரியாதை நடந்து நான் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. நான் மட்டும் அழுதேன். வெங்காயம் என்று சொன்னேன். யாரும் வெங்காயம் நறுக்கவில்லை.

அன்றிலிருந்து கூண்டு அக்கா அறைக்குப் போய்விட்டது. யாரும் அதட்டிப் பறிக்கவில்லை. எல்லாம் சிரிப்போடுதான் நடந்தது. நான் துரையைப் பார்க்கவேண்டுமென்றால் கையைக் காட்டவேண்டும். அக்கா முகர்ந்து பார்த்து அனுமதிப்பார். கடைக்கு வருகிறவர்களிடம் பாய் இந்தக் கதையைச் சொன்னார். "கிராணி முயலுக்கும் பிரியாணி வாங்கிக் குடுத்தாராமே" என்று தேக்காவில் முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் கேட்டார். "அதுக்கு எலும்பு பிடிக்கலை" என்றேன். ஊருக்குச் சிரிப்பு வேண்டியிருந்தது. என்னிடம் சரக்கு இருந்தது. ஆனால் அறைக்குள் வந்து கதவைச் சாத்தியபிறகு, நெஞ்சில் அந்த மூக்கு இடித்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பேன். கெடுத்தது நான்தானா?

அடுத்த அமாவாசை வேலை நாளில் வந்தது. முகாமில் ஏதோ அணிவகுப்பு என்று எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸைவிட்டு இறங்கி, பால்காரரிடம் நல்ல புல்லாக ஒரு கட்டு வாங்கிக்கொண்டு படியேறினேன். அண்ணன் லாரியோடு வெளியே போயிருந்தார். அடுப்படியில் நெய் வாசனை. திறந்த தளத்தில் அக்காவின் குரல் கேட்டது. காக்கையைக் கூப்பிடும் குரல் இல்லை. யாருடனோ பேசும் குரல்.

எட்டிப் பார்த்தேன்.

இலை கைப்பிடிச் சுவரில் இல்லை. தரையில் இருந்தது. அதன்முன் துரை. சோறு, சாம்பார், பிட்டுப் போட்ட வடை, ஓரத்தில் பாயசம். துரையின் மூக்கு பாயசத்தில் இருந்தது. அக்கா எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புடவைத் தலைப்பைத் தோளில் போர்த்தியிருந்தார்.

"சாப்பிடுங்க. மெதுவா. இன்னிக்கு யாரும் புடுங்கமாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கையிலிருந்த புல்லுக்கட்டு கதவில் உரசியது. அக்கா திடுக்கிட்டுத் திரும்பினார். திரும்பியவர் முதலில் செய்த காரியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. இலையை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அந்தக் கை அசைவு எனக்கு நன்றாகத் தெரியும். வடையோடு மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் நான் செய்வது அதுதான்.

"தம்பி... இன்னிக்கு வேலை இல்லையா?"

"துரை என்ன சாப்பிடுறார்க்கா?"

"கொஞ்சம்தான். ரெண்டு பருக்கை."

"போன அமாவாசைக்கும் ரெண்டு பருக்கைதானா?"

நான் துரையைத் தூக்கினேன். மீசையில் பாயசம் ஒட்டியிருந்தது. சட்டை நுனியால் துடைத்தேன். அது என் விரலை நக்கியது. அப்போது அக்கா சொல்லத் தொடங்கினார், என்னைப் பார்க்காமல், இலை இருந்த இடத்தைப் பார்த்து.

"எத்தனை வருஷமாக் கூப்பிடுறேன். ஒரு காக்கா வரலை. அன்னிக்கு இது கூண்டுக்குள்ள இருந்து இலையப் பாத்து மூக்கைச் சுருக்கிச் சுருக்கி... அவரு படுக்கையில கிடந்தப்ப அப்படித்தான் தம்பி, அடுப்படிப் பக்கம் மூக்கைத் திருப்பி. வயித்துல புண்ணு, கஞ்சியத் தவிர ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் குடுக்கலை. கடைசியில என் கையப் புடிச்சிட்டு ஒரு வாய் பாயசம் கேட்டாரு. எப்படியும் போகப்போற மனுசன். நான் குடுக்கலையே தம்பி. 'உங்க வயித்துக்கிட்டப் பேசுறேன், நீங்க சும்மா இருங்க'ன்னேன்."

அந்த வாசகம் எங்கே பிறந்தது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதை வைத்து நான் எத்தனை முறை சிரித்திருக்கிறேன், சிரிக்கவைத்திருக்கிறேன். என் கோபம் பாதியில் நின்றது. பாதியில்தான் நின்றது. மீதி இருந்தது.

"அது சரிக்கா. அவருக்குக் குடுத்தீங்க. என்னை எதுக்கு மாட்டிவிட்டீங்க? எல்லார் முன்னாடியும் வேணாம். அப்புறமா எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நான்தான் இதைக் கொல்லப் பாத்தேன்னு ஒரு மாசமா..."

"நான்தான்னு தெரிஞ்சா, நாளைக்கு இந்தத் தெருவுல எந்தப் புள்ளத்தாச்சி என் பேச்சைக் கேப்பா?" என்றார். பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, உண்மையான பிரியத்தோடு சொன்னார். "உங்களுக்கு என்ன தம்பி, நீங்க சிரிச்சிக்கிட்டே தாங்கிக்குவீங்க."

அதை அவர் ஒப்புக்குச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. என்மேல் சிரிப்பை எவ்வளவு ஏற்றினாலும் தாங்கும் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்குக்கு ஆதாரம் முழுக்க நான் கொடுத்ததுதான்.

நல்ல வேளை, அன்று உள்ளே அதிகம் போகவில்லை. சாயங்காலம் முழுக்கத் துரையை என் அறையில் நடக்கவிட்டு, புல்லை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தேன். வயிறு கொஞ்சம் உப்பியது. பிறகு அதுவாகவே அடங்கியது. அக்கா கதவுக்கு வெளியே வந்து வந்து நின்றார். தட்டவில்லை. நானும் திறக்கவில்லை.

குவீன்ஸ்டவுனில் புது அடுக்குமாடி வீடு கிடைத்த முகாம் நண்பன் ஒருவன் கூடத் தங்க ஆள் தேடிக்கொண்டிருந்தான். அந்த மாதத்திலேயே கிளம்பிவிட்டேன். சாங்கிக்கு அங்கிருந்து இன்னும் தூரம். ஏன் போகிறாய் என்று அண்ணன் கேட்டதற்கு, "உங்க குறட்டை" என்றேன். அக்காவைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. அது நல்ல மனதா, இல்லை அவர் போட்ட கணக்கு சரிதானா, தெரியவில்லை.

புறப்படும் அன்று எல்லாரும் அஞ்சடியில் நின்றார்கள். என் ஒரு கையில் டிரங்குப் பெட்டி, இன்னொரு கையில் மூங்கில் கூடை, கூடைக்குள் துரை. பாய் ஒரு பொட்டலம் மல்லித்தழை கொடுத்தார். "பாவம் துரை, தனியா இவன்கிட்ட மாட்டிக்கிச்சே" என்றார் அண்ணன்.

அக்கா காய்ந்த புல்லைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு கொத்தும் முகர்ந்து பார்த்து எடுத்தது என்று எனக்குத் தெரியும். அவர் கூடையருகே குனிந்து துரையின் நெற்றியை ஒரு விரலால் தடவினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் காத்திருந்தேன். ஒரு வார்த்தை. அண்ணனுக்குப் புரியாமல், பாய்க்குப் புரியாமல், எனக்கு மட்டும் புரியும்படி ஒரு வார்த்தை போதும். அவருக்கு அதற்கெல்லாம் சாமர்த்தியம் உண்டு.

அக்கா எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "தம்பி, மறுபடியும் சோறு கீறு போட்டுடாதீங்க. கேட்டுதா?"

அஞ்சடி முழுக்கச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாக.

குவீன்ஸ்டவுனில் துரை பெரிய முயலாக வளர்ந்தது. புல், தண்ணீர், கிள்ளல் கீரை. ஒருநாள்கூட வயிறு நிற்கவில்லை. நண்பன் ரொட்டித் துண்டை நீட்டினால் நான் அவன் புறங்கையில் அடிப்பேன். என்னால் அதெல்லாம் முடியும் என்று சொல்ல பஃபலோ ரோட்டில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.

அங்கே போனபின் வந்த அமாவாசையன்று எனக்கு விடுமுறை. மதியம் ஜன்னலோரம் தட்டோடு உட்கார்ந்தேன். கம்பியில் ஏதோ கறுப்பாக வந்து உட்கார்ந்தது. நிஜக் காக்கை. கூப்பிடாமலே வந்திருந்தது. தலையைச் சாய்த்து என்னையும் தட்டையும் மாறிமாறிப் பார்த்தது.

"ஐயா, நீங்க வரவேண்டிய வீடு இது இல்லை. பஃபலோ ரோட்டுக்குப் போங்க. பாயசம் வெச்சுக்கிட்டு வெயில்ல நிக்கிறாங்க" என்றேன்.

அது போகவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து வந்தது. நான் சோற்றைக் கையில் எடுத்தேன். அப்படியே வைத்திருந்தேன். காக்கை காத்திருந்தது.

நான் கொடுக்கவில்லை.